ஃபேன் நின்ற எட்டுத் தடவை

சாம்ராஜின் டாக்ஸியில் முன்சீட்டுக்காரர் காலை அழுத்தி வைத்தால் கால் ரோட்டில் போய் நிற்கும். அந்த அளவுக்கு அடித்தகடு துருவேறி உதிர்ந்திருந்தது. பங்காருபேட்டை ஸ்டேஷனுக்கும் ராபர்ட்சன்பேட்டைக்கும் நடுவே நாளைக்கு நாலு நடை ஓடும் பழைய லேண்ட்மாஸ்டர் அது. வெள்ளிக்கிழமை காலையில் அதைத் தசரதனின் டிங்கரிங் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்திவிட்டு சாம்ராஜ் இறங்கினான்.

"போன வாரம் பூதிகோட்டைக்காரரு ஒருத்தரு ஏறுனாருண்ணா. ஓட்டை வழியா அவரு செருப்பு ஒண்ணு ரோட்ல வுழுந்துடுச்சு. ஒத்தச் செருப்போட எறங்கி என்னியே மொறைக்கிறாரு."

"நீ இன்னா சொன்ன?"

"இன்னொண்ணையும் அதுலயே போட்டுடுங்க, எடுக்கறவனுக்கு ஜோடியா கெடைக்கும்னேன்."

தசரதன் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்தார். விரலால் அழுத்திய இடமெல்லாம் பிஸ்கட் போல நொறுங்கியது. வெளியே வந்து, "இதுக்கு ஜி.ஐ. ஷீட்டுதான் போடணும்" என்றார்.

"சாதா ஷீட்டு போட்டு பெயின்ட் அடிச்சா ஆவாதா?"

தசரதனிடம் கேள்வி கேட்பவர்கள் உட்கார இடம் பார்த்துக்கொண்டு கேட்பது நல்லது. அவருடைய பதில் எப்போதும் வேரிலிருந்துதான் கிளம்பும். மூலையில் கிடந்த ஒரு துண்டுத் தகட்டை எடுத்தார். அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூப்பூவாகப் படர்ந்திருந்தது, உருக்கிய துத்தநாகத்தில் இரும்புத் தகட்டை முக்கியெடுக்கும்போது விழும் பூ. ஓர் ஆணியால் அதன் குறுக்கே ஆழமாக ஒரு கோடு கிழித்தார்.

"பெயின்ட்டுன்றது போர்வை. ஒரு எடத்துல கிழிஞ்சா போதும், தண்ணி உள்ள பூந்து போர்வைக்கு அடியிலயே துரு ஓடிடும். மேல பளபளன்னு கீது, வெரல் வெச்சா பொத்துக்கும். சிங்க் அப்படி இல்ல. இந்தக் கோட்டுல இரும்பு தெரியுதா? இத மழையில போட்டுட்டு ஒரு வருஷம் கழிச்சு வந்து பாரு. கோட்டுல துரு இருக்காது."

"அதெப்படி? அங்கதான் சிங்க் போயிடுச்சே."

"பக்கத்துல கீதே! தண்ணிக்கு ரெண்டு உலோகமும் ஒட்டினாப்புல கெடைச்சா அது மொதல்ல சிங்க்கத்தான் திங்கும். சிங்க் தன்னத் திங்கக் குடுத்து இரும்பக் காப்பாத்தும். கீறலுக்குக் கூட அதுதான் காவல். ஆபீசர் கிளப்புல தூக்கிப் போட்ட ஒரு புஸ்தகத்துல படம் பாத்தேன். பனி வுழற ஊருல ரோட்ல உப்பு கொட்டுவாங்களாம். அங்க கார் செய்யறவங்களே அடிப்பக்கத்துக்கு இந்த மாதிரி ஷீட்டு போட ஆரம்பிச்சுட்டாங்க."

"திங்கக்கிழமை காலையில வண்டி ரெடியா இருக்குமா? அதச் சொல்லுங்க."

"இன்னா அவசரம்?"

"பெங்களூருக்கு ஒரு நடை. மென்டல் ஆஸ்பத்திரி. நம்ம மாரிக்குப்பம் லைன்ல யசோதா இல்ல, தட்டுறவ, அவளக் கொண்டு போயி சேக்கணுமாம். அவ வூட்டுக்காரரோட அண்ணன், பெரியசாமி, வந்து சொல்லிட்டுப் போனாரு."

தசரதன் கையிலிருந்த தகட்டைக் கீழே வைத்தார். ஆணியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டார். "ரெடியா இருக்கும்" என்றார்.

தசரதன் ஏழு வருஷத்துக்கு முன்வரை தங்கச் சுரங்கத்தில், ஊரார் சொல்லும் மைன்ஸில், டக்டு மேஸ்திரி. பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் பாறையே அடுப்புக்கல் மாதிரி சுடும். வேலை செய்பவர்களுக்கு மேலிருந்து குளிர்ந்த காற்று போகவேண்டும். ஃபேன் ஒன்று காற்றைத் தள்ள, ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு அகலமான தகரக் குழாய் அதைக் கொண்டுபோகும். அந்தக் குழாய்தான் டக்டு. அங்கே சொட்டும் உப்புத் தண்ணீருக்கு வெறும் இரும்பு ஆறு மாதம் தாங்காது. அதனால் டக்டு எல்லாமே துத்தநாகம் பூசிய தகடு. தகட்டை உருட்டி, ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து ஜாயின்ட் போடுவது தசரதனின் வேலை. மரச்சுத்தியால் மட்டுமே தட்டவேண்டும், இரும்பு பட்டால் பூச்சு நசுங்கும் என்பது அவர் போட்ட சட்டம். அவருக்குக் கையாளாக இருந்தவன் தம்மபாலன், யசோதாவின் கணவன்.

அறுபத்திரண்டாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பாறை வெடித்தது. ஆழத்தில் இருக்கும் பாறை மேல்பாரம் தாங்காமல் தானாகவே வெடிக்கும். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அலமாரியிலிருந்து டம்ளர் உருளும். டம்ளர் உருண்டால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டின் வாசலுக்கு ஓடுவார்கள். அன்றும் ஓடினார்கள். கேஜ் என்ற கூண்டில் ஏறி வந்தவர்களை எண்ணியதில் ஒருவன் குறைந்தான். டக்டு மாட்டப் போன தம்மபாலன் விழுந்த பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தான், அல்லது அதற்கு அடியில் இருந்தான்.

மத்தியானம் ஷிஃப்ட் பாஸ் எட்மண்ட் எல்லாச் சத்தத்தையும் நிறுத்தச் சொன்னார். ஃபேனும் நின்றது. பாறைக் குவியலுக்குள் செருகிக்கொண்டிருந்த டக்டிலிருந்து சத்தம் வந்தது. டொக். டொக். டொக். ஐந்து தடவை.

ஆட்கள் கத்தினார்கள், ஒருவன் அழுதேவிட்டான். ஆனால் தலைக்கு மேல் பாறை முனகிக்கொண்டிருந்தது. அவசரமாகத் தோண்டினால் இன்னொரு வெடிப்பு வந்து தோண்டுகிற இருபது பேரும் போகலாம். எட்மண்ட் திரும்பிப் பார்த்தார். "தசரதா, அது உன் தகரம். ஆளா, தகரமா? நீ சொல்லு."

தசரதன் அந்தக் கேள்வியை முறையாக எடுத்துக்கொண்டார். ஃபேன் ஓடும்போது குளிர்காற்றில் தகடு குளிர்ந்து சுருங்கும். ஃபேன் நின்றால் பாறைச் சூட்டில் விரியும். விரிகிற தகடு எங்கேயாவது புடைத்துக்கொண்டு டொக்கென்று சொல்லும். தகரக்கூரை வெயிலில் பேசுகிற மாதிரிதான். அப்படியானால் சோதித்துப் பார்க்கலாம். ஃபேனை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஓர் ஆளை டக்டில் காதை ஒட்டிக் கேட்கச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லை. ஃபேனை நிறுத்தினார். டொக், டொக் என்று வந்தது. மறுபடி ஓடவிட்டார், இல்லை. மறுபடி நிறுத்தினார், வந்தது.

"ஆளு தட்டினா ஃபேன் ஓடும்போதும் தட்டுவான் சார். நின்னா மட்டும் வருது. இது தகரம்."

அதற்குமேல் யாரும் எதிர்த்துப் பேசவில்லை, அவ்வளவு தெளிவாக இருந்தது. தோண்டுகிற வேகம் குறைந்தது. மரம் கொடுத்து முட்டு வைத்து மெதுவாகப் போனார்கள். ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் ஒரு தடவை ஃபேனை நிறுத்திக் கேட்டார்கள். ஐந்து ஷிஃப்டிலும் தகரம் பேசியது, சத்தம் குறைந்துகொண்டே போனது. வியாழக்கிழமை அதிகாலை இரண்டாவது வெடிப்பு வந்து வழியை முழுசாக மூடியது. விசாரணையில் தசரதன் இதே விளக்கத்தைப் படம் போட்டுச் சொன்னார். அடுத்த மாதமே மைன்ஸை விட்டு வந்து ஷெட் போட்டார். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு, தூசு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்.

இந்த வருஷம் ஜனவரியில் அந்த வழியைத் திரும்பத் திறந்தபோது தம்மபாலனின் எலும்புகள் கிடைத்தன. இடுப்புக்குக் கீழே பாறை விழுந்து நசுக்கியிருந்தது. ஒரு நொடியில் போயிருப்பான் என்று ஆபீசில் சொன்னார்கள். பிக்கு வந்து ஓத, பௌத்தர்களின் இடுகாட்டில் அடக்கம் நடந்தது. அது தகரமில்லை என்று ஏழு வருஷமாக வீட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்த யசோதா, அதற்குப் பிறகுதான் தெருவில் தட்ட ஆரம்பித்தாள். சாயந்திரம் வெயில் தாழ்ந்து லைன் வீடுகளின் தகரக்கூரைகள் டொக்டொக்கென்று பேசும் நேரத்தில் தெருவில் வந்து நிற்பாள். "கேளுங்க, இது தகரம்" என்பாள். பிறகு தெருக்குழாயைக் கல்லால் தட்டி, "இப்ப கேளுங்க, இது கை" என்பாள். போகிறவர் வருகிறவரை எல்லாம் பிடித்து நிறுத்திக் கேட்கச் சொல்வாள். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது.

சாம்ராஜ் போனபின் தசரதன் ஷெட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய டக்டுகளைப் புரட்டினார். போன மாதம் மைன்ஸ் பழைய இரும்போடு வந்த சரக்கு. நல்ல கனமாக ஒன்றை இழுத்து, சேறு போகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தார். விளிம்பில் நம்பர் தெரிந்தது: நாற்பத்தொன்று. அவரே ஆணி அச்சு வைத்து அடித்த நம்பர்.

நாற்பத்தொன்று எங்கே மாட்டப்பட்டது என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னும் தேய்த்தார். ஜாயின்ட்டை ஒட்டி, கீழ்ப்பக்கமாக, படுத்துக்கிடக்கும் ஆளின் கை எட்டும் உயரத்தில், தகட்டில் ஒடுக்குகள் இருந்தன. மரச்சுத்தியின் வேலை அல்ல. ஸ்பேனர் முனை பட்டுப் பூச்சு நசுங்கி, நடுவில் இரும்பு தெரிந்தது. ஏழு வருஷம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் அந்த இரும்பில் துரு இல்லை. சுற்றியிருந்த துத்தநாகம் வெள்ளைத் தூளாகக் கரைந்து கரைந்து அதைக் காப்பாற்றியிருந்தது. சாதா இரும்பாக இருந்திருந்தால் ஒடுக்கும் போயிருக்கும், தகடும் போயிருக்கும், தசரதனும் தப்பித்திருப்பார்.

ஒடுக்குகள் கொத்துக் கொத்தாக இருந்தன. அடித்த இடம் பள்ளமானால் சத்தம் மந்தமாகும். ஆகவே ஒவ்வொரு தடவையும் ஒரு விரல் தள்ளிப் புது இடத்தில் அடித்திருக்கிறான். ஐந்து. ஐந்து. ஐந்து. நான்கு. நான்கு. மூன்று. மூன்று. கடைசியில் இரண்டு, மேலோட்டமாகத் தொட்ட மாதிரி.

எட்டுக் கொத்து. தசரதன் விரல்விட்டு எண்ணினார். எட்மண்ட் நிறுத்தச் சொன்னது ஒன்று, தானே சோதனைக்கு நிறுத்தியது இரண்டு, ஷிஃப்டுக்கு ஒன்றாக ஐந்து. ஃபேன் நின்றது எட்டுத் தடவை.

ஃபேன் நின்றால் மட்டும் சத்தம் வந்தது, உண்மைதான். ஃபேன் இரைச்சலில் தட்டினால் யாருக்குக் கேட்கும்? உள்ளே கிடந்தவன் தெம்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வெளியே அமைதியான நேரம் பார்த்துத் தட்டினான். தசரதன் வைத்த சோதனையில் தகரம் பாஸாகிற இடத்திலெல்லாம் மனிதனும் பாஸாவான். அந்தச் சோதனை எதையும் பிரித்துக் காட்டவே இல்லை.

ஒடுக்கு எடுப்பதுதான் அவர் தொழில். பத்து நிமிஷத்தில் அத்தனையும் சமமாக்கிவிடலாம். தகட்டின் அடியில் இரும்புக்கட்டையைப் பிடித்துச் சுத்தியை ஓங்கி ஒரு அடி வைத்தார். தகடு அன்று கேட்ட அதே குரலில் பதில் சொன்னது. சுத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

வீட்டில் மனைவி ஜானகி சோறு வைத்தாள். சாப்பிடும்போது தனக்குத் தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். எட்மண்ட் ஆஸ்திரேலியா போய் நாலு வருஷமாகிறது. எலும்பு மண்ணுக்குப் போய்விட்டது. இனிமேல் தெரிந்து யாருக்கு என்ன ஆகும்? பெங்களூரில் நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள், யசோதாவுக்கு மருந்து கொடுப்பார்கள், தூங்குவாள். ஒவ்வொன்றும் சரியாகத்தான் இருந்தது. அவர் சொல்கிற விளக்கம் எப்போது சரியாக இல்லாமல் இருந்தது?

சனிக்கிழமை அந்தத் தகட்டையே வெட்டி, ஒடுக்குகள் கீழ்நோக்கி இருக்கும்படி டாக்ஸியின் அடியில் வைத்தார். தூக்கிப் போட்டால் யாராவது எடுப்பார்கள். காருக்கு அடியில் தார் பூசிவிட்டால் எவனும் பார்க்கமாட்டான்.

துத்தநாகம் பூசிய தகட்டை வெல்டிங் செய்வதற்கு முன் ஓரங்களில் ஆசிட் தடவிப் பூச்சை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இரும்பு உருகுவதற்கு வெகுமுன்னாலேயே துத்தநாகம் ஆவியாகி எரிந்து வெள்ளைப் புகையாகும். அதை மூச்சில் இழுத்தால் நாலைந்து மணி நேரம் கழித்துக் குளிர்ஜுரம் வரும். இதை அந்த ஊரில் பத்து வெல்டர்களுக்காவது சொல்லிக்கொடுத்தவர் தசரதன். அன்று அவர் ஆசிட் தடவவில்லை. வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி, பஞ்சு போல மிதந்து இறங்கிய வெள்ளைத் தூள் முகத்தில் விழ விழ, ஒரே மூச்சில் நாலு ஓரமும் பற்றவைத்துத் தாரைப் பூசினார்.

சாயந்திரம் பல் கிட்டிக்கொண்டு நடுங்க ஆரம்பித்தது. ஜானகி இரண்டு கம்பளி போர்த்திப் பாலைக் காய்ச்சிக் கொடுத்தாள். வாயெல்லாம் காசு சப்பிய மாதிரி இனித்தது. கூரை ஆறிக்கொண்டிருந்தது. டொக். தசரதன் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினார்.

"இன்னா எண்றீங்க?" என்றாள் ஜானகி.

"ஃபேன நிறுத்தாதீங்கன்னு சொல்லு. நிறுத்தினா அவன் தட்டுவான். தெம்பு போயிடும்."

"இங்க ஏதுங்க ஃபேனு?" அவள் அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, காத்துக்கருப்போ என்று பயந்து வாசலில் ஒரு விளக்கை ஏற்றி வைத்தாள்.

அந்த ஜுரம் ஒரு நாளுக்குமேல் தங்காது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டுக்கு வந்தபோது சாம்ராஜ் வண்டியோடு காத்திருந்தான். காலையில் ஓட்டிப் பார்க்க எடுத்துக்கொண்டு போயிருந்தான்.

"இன்னாண்ணா வேலை செஞ்சிருக்கீங்க! வண்டி ஓடும்போது ஒண்ணும் இல்ல. இன்ஜின நிறுத்தினா உள்ள யாரோ தட்டுறான். கோரமண்டல் ஸ்டேஷன்ல ஒரு அம்மா ஏறுனாங்க, சத்தத்தக் கேட்டுட்டு காளியாத்தா பேரச் சொல்லிக்கினு எறங்கிப் போயிட்டாங்க. எந்த ஆள உள்ள வெச்சுப் பத்தவெச்சீங்க?"

"அது ஒண்ணுமில்லடா" என்று தசரதன் ஆரம்பித்தார். "அடியில சைலன்சர் குழாய் போவுது. ஓடும்போது தகடு சூடாவுது. இன்ஜின் நின்னா ஆறுது. ஆறும்போது புடைச்சுக்கினு சத்தம் குடுக்கும். நின்னா மட்டும் வருதுல்ல? அதான், இது தக..."

வாய் அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஏழு வருஷத்துக்கு முன் எட்மண்டிடம் சொன்ன அதே சொற்கள், அதே வரிசையில் வந்திருந்தன.

"ஸ்டார்ட் பண்ணு. நல்லா சூடாவட்டும்" என்றார்.

சாம்ராஜ் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இன்ஜினை நிறுத்தினான். தசரதன் தரையில் உட்கார்ந்து காரின் பக்கவாட்டில் காதை வைத்தார். டொக், டொக் என்று அடுத்தடுத்து வந்தது. பிறகு கொஞ்சம் விட்டு ஒன்று. பிறகு ரொம்ப நேரம் கழித்து ஒன்று. பிறகு, இனி வராது என்று எழுந்திருக்கப் போகும்போது ஒன்று.

சரிதான். சூடான பொருள் முதலில் வேகமாக ஆறும், ஆற ஆற மெதுவாகும். சூடேறுவதும் அப்படியே. ஆகவே தகரத்தின் சத்தம் ஆரம்பத்தில் நெருக்கமாக வந்து, போகப் போக இடைவெளி நீளும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடச் சொல்லிப் புரியவைத்துவிடலாம்.

ஆழத்தில், டக்டிலிருந்து வந்த சத்தங்களுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவாக இருந்தது. டொக். டொக். டொக். அவர் அதை எட்டுத் தடவை கேட்டார். எட்டுத் தடவையும் அவருக்கு எண்ணிக்கை மட்டும்தான் காதில் விழுந்தது. படிக்காத ஒரு பெண் தெருவில் நின்று, இது தகரம், இது கை என்று ஊருக்கே பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தது இதைத்தான்.

தசரதன் உளியையும் சுத்தியையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார்.

"அண்ணா, இன்னா பண்றீங்க? நாளைக்கு நடை கீது!"

"நாளைக்கு இந்த வண்டி எங்கயும் போவாது."

"ஐயோ, பெரியசாமிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன்."

உளி வெல்டிங் ஓரத்தை ஓடியது. தகடு கழன்று அவர் நெஞ்சின்மேல் விழுந்தது. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தாரைத் துடைத்தார். ஒடுக்குகள் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன.

திங்கட்கிழமை காலை மாரிக்குப்பம் லைனில், யசோதாவின் வீட்டு வாசலில் துணிமூட்டை ஒன்று கட்டிவைத்திருந்தது. பெரியசாமி வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு டாக்ஸி வரும் வழியைப் பார்த்து நின்றார். உள்ளே, கதவை ஒட்டி யசோதா உட்கார்ந்திருந்தாள். தலையை வாரிப் பின்னிவிட்டிருந்தார்கள். தகட்டைக் கம்பளியில் சுற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்து வந்த தசரதனைப் பார்த்ததும் பெரியசாமிக்கு முகம் மாறியது.

"மேஸ்திரி, நீங்க இன்னாத்துக்கு இங்க? உங்களப் பாத்தா அவளுக்கு அதிகமாவும்."

"வண்டி வராது பெரியசாமி. ஓட்டை பண்ணிட்டு வந்துருக்கேன்."

"இன்னா?"

தசரதன் கம்பளியை விரித்துத் தகட்டைத் தரையில் வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக முடிவிலிருந்து ஆரம்பித்தார்.

"உங்க தம்பி உயிரோட இருந்தாரு. ரெண்டு நாளு. தட்டினாரு. நான் தகரம்னு சொல்லிட்டேன்."

பெரியசாமி தகட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏழு வருஷம் கழிச்சு வந்து சொல்றியா?" என்றார். மரியாதை போய்விட்டது. "பொம்பளைய மூட்டை கட்டி வெச்ச அப்பால வந்து சொல்றியா? நாங்க எத்தினி நாளு அவ வாய மூடினோம் தெரியுமாய்யா?" அடிக்கப்போகிறவர் மாதிரி ஓர் அடி முன்னால் வந்தவர், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

யசோதா எழுந்து வந்தாள். அழவில்லை. தகட்டின் முன் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் ஒடுக்கில் விரலை வைத்தாள். அடுத்ததில் வைத்தாள். அவசரமில்லாமல், கண்பார்வை இல்லாதவர்கள் தடவுவது போல, எல்லாக் கொத்தையும் தொட்டுக்கொண்டு போய்க் கடைசி இரண்டில் நிறுத்தினாள்.

"இதுல ஏன் ரெண்டு?"

"தெம்பு அவ்ளோதான் இருந்திருக்கும்மா."

"ஜாயின்ட் ஓரமா தட்டியிருக்காரு."

"ஆமா. அங்க தகடு விறைப்பா இருக்கும். சத்தம் தூரம் போவும்."

"ஃபேன் ஓடும்போது தட்டாத, தெம்பு வீணாப் போவும். நின்னாத்தான் கேக்கும். ஜாயின்ட் ஓரமா தட்டு." யசோதா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "இத அவருக்கு யாரு சொன்னதுன்னு தெரியுமா மேஸ்திரி?"

தெரியாது என்று தசரதன் தலையாட்டினார்.

"நீங்கதான். எங்க கல்யாணத்துக்கு அப்பால விருந்துக்கு வந்தீங்க. இதே வாசல்ல உக்காந்து கறிசோறு துன்னுக்கினே சொன்னீங்க. சொம்பக் கவுத்துத் தட்டிக்கூடக் காட்டினீங்க. அவரு ராத்திரி பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு, எங்க மேஸ்திரிக்குத் தெரியாதது இல்லன்னு."

தசரதன் நினைவைத் துழாவினார். விருந்து நினைவிருந்தது, கறியில் காரம் அதிகம் என்பது நினைவிருந்தது. அப்படிச் சொன்னது மட்டும் இல்லவே இல்லை. எத்தனையோ பேருக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார். சொன்னவர் மறந்துவிட்டார். கேட்டவன் மறக்கவில்லை. பாறைக்கு அடியில் கிடந்து, மேஸ்திரி வெளியே நிற்கிறார், அவருக்குப் புரியும் என்று நம்பி, அவர் சொன்ன முறை மாறாமல் எட்டுத் தடவை தட்டியிருக்கிறான்.

"என்னிய இன்னா பண்ணனுமோ பண்ணும்மா" என்றார்.

"உங்கள ஒண்ணும் பண்றதுக்கில்ல." யசோதா தகட்டைத் தூக்கினாள். கனமாக இருந்தது, இடுப்பில் குழந்தையை வைப்பது போல வைத்துக்கொண்டாள். "நான் சொன்னா பைத்தியம். நீங்க சொன்னா நாயம். ஏழு வருஷமா இந்த லைன்ல அப்படித்தான். எனக்குச் சொல்லிட்டீங்க. இவங்களுக்குச் சொல்லுங்க. ஒவ்வொரு வூடா வாங்க."

அந்த வரிசையில் இருபத்துநாலு வாசல். முதல் வாசலில் தசரதன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். டக்டு என்றால் என்ன, ஃபேன் எதற்கு, தான் எந்தச் சோதனை வைத்தார், அது ஏன் சோதனையே இல்லை. இரண்டாவது வாசலில் ஒருவன் கெட்ட வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்தினான். யசோதா அசையாமல் நின்றாள். கதவு மறுபடி திறந்ததும் தசரதன் விட்ட இடத்திலிருந்து சொன்னார். மூன்றாவது வாசலில் ஒரு கிழவர் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாலாவதில் யாரும் இல்லை. பெரியசாமி இதற்குள் எழுந்து துணிமூட்டையை வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போயிருந்தார்.

ஐந்தாவது வாசலில் பார்வதம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். யசோதாவைப் பிடித்துப் போகச் சொல்லிப் பெரியசாமியிடம் முதலில் போய் நின்றவள் அவள்தான். முழுவதையும் கேட்டுவிட்டு முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கு வெளங்கல மேஸ்திரி. தகரமும் சத்தம் போடும்ன்றே, ஆளும் போடுவான்றே. அப்பறம் எது எதுன்னு எப்படித் தெரியும்? மொதல்லேர்ந்து சொல்லு."

"சூடாவுற தகடு..." என்று தசரதன் ஆரம்பித்தார். நெஞ்சில் மிச்சமிருந்த புகை இருமலாகக் கிளம்பியது. சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினார், நிற்கவில்லை. பேசக் கையை உயர்த்தினார், முடியவில்லை.

யசோதா தகட்டை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"சூடாவுற தகடு மொதல்ல வேகமா தட்டும்க்கா. அப்பறம் வுட்டு வுட்டுத் தட்டும். ஆளு தட்டினா ஒரே சீரா இருக்கும்" என்றாள்.

பார்வதம்மா கொஞ்சம் நகர்ந்து படியில் இடம் விட்டாள். "உக்காந்து சொல்லு" என்றாள்.